நாளை நாலாவது மாடிக்கு நானே

செவ்வாய், இரவு.

அலுவலகங்களுக்குத் துப்புரவு ஆள் அனுப்பும் என் சின்ன ஏஜென்சிக்கு இன்று பரீட்சை வைத்துவிட்டார்கள். பத்தாவதே தேறாதவனுக்குப் பரீட்சை! கோரமங்களா ஆபீஸ் மேனேஜர் மேடம் சொன்னார்: "அண்ணா, ஆப்ல புக் பண்ணா உடனே ஆள் வர்றாங்க. இந்த வாரம் மூணாவது மாடி அவங்களுக்கு, நாலாவது உங்களுக்கு. எது சுத்தமா இருக்கோ அவங்களுக்குத்தான் கான்ட்ராக்ட்."

"ஆப்ல தினம் ஒரு புது மூஞ்சி வரும் மேடம். நம்மகிட்ட எப்பவும் அதே ஆளுதான்" என்று மார்தட்டினேன். லிஃப்டில் இறங்குவதற்குள் நாலாவது மாடியைப் பார்க்கும் செல்வியின் போன்.

"அண்ணா, நாளைக்குப் பொண்ணுக்குக் காதுகுத்து. போன மாசமே சொன்னேனே."

சொன்னாள்தான். தலையாட்டியவனும் நான்தான். மற்றவர்கள் எல்லாரும் வேறு இடங்களில் வேலையில் இருக்கிறார்கள். ஆகவே நாளை நானே போகிறேன்.

ஒத்திகைக்கு வீட்டு ஹாலைத் துடைத்தேன். சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மகள், "ரெண்டு ஸ்டார்தாம்பா. அதுவும் பாவம்னு" என்றாள். மனைவி நான் துடைத்த இடத்தை மறுபடி துடைத்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் தூக்கம் வரவில்லை. அந்த ஆபீஸ் கைவிட்டுப் போனால் ஏஜென்சியையே மூட வேண்டியதுதான்; செல்வியோடு சேர்த்து ஆறு பேருக்கு வேலை இல்லை. நாளை மாப்போடு என்னைப் பார்த்தால், சொன்ன சொல்லுக்காக முதலாளியே வந்திருக்கிறான் என்று மேடம் நினைப்பாரா, இவனிடம் ஆளே இல்லை என்று நினைப்பாரா? மாஸ்க் போட்டு முகத்தை மறைத்துக்கொள்ளலாம். இந்தத் தொப்பையை எதைப் போட்டு மறைப்பது?