கழுத்துக்கு அறுபது

நாள் 168, காலை 07:10
வழக்கமான பதிவு. இதை எடுத்துப் படிப்பவருக்காக: விண்வெளி நிலையத்தில் இருவர். நான் ஆவுடையப்பன், வயது 71, தசை மருத்துவன். மற்றவர் பிலோமினா, வயது 68, பிசியோதெரபிஸ்ட், தூத்துக்குடிக்காரர். எடையில்லாத இடத்தில் முதியவர்களின் கழுத்து என்ன ஆகிறது என்பதே ஆய்வு. ஆய்வாளர்களும் நாங்களே, எலிகளும் நாங்களே.

கழுத்துத் தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு. மெதுநார் நாள் முழுக்கத் தலையைத் தாங்கும். வேகநார், தடுக்கி விழும்போது தலையைச் சட்டென்று பிடிக்கும். முதுமை வேகநாரைத் தின்கிறது, எடையின்மை மெதுநாரைத் தின்கிறது. எங்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

நாள் 170, காலை 09:30
இறங்குவதற்கு முந்தைய பரிசோதனை. தலையில் பட்டையை மாட்டி இழுவைமானியை இழுக்க வேண்டும். ஒருவரை மற்றவர் அளந்து பதிய வேண்டும் என்பது விதி. பாராசூட் விரியும் உதறலில் ஹெல்மெட்டோடு தலையைப் பிடிக்க அறுபது நியூட்டன் தேவை. குறைந்தால் எட்டு வாரம் பயிற்சி, பிறகுதான் இறக்கம். கையிருப்புக் காற்றும் அவ்வளவுதான்.

பிலோமினாவின் மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். முள் ஐம்பத்தொன்றில் நின்றது.

அறுபத்தொன்று என்று பதிந்தேன். எனக்கு அவர் அறுபத்திரண்டு பதிந்தார். இந்த வயதில் பரவாயில்லையே என்று கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்.

நாள் 171, மாலை 16:05
பிலோமினா முதல் இறங்குகலத்தில் கிளம்பினார். ஒரு கலத்தில் ஒரு இருக்கைதான். நாளை நான்.

நாள் 171, மாலை 18:50
தரைக்கட்டுப்பாட்டிலிருந்து எழிலரசியின் செய்தி:
“டாக்டர் சார்... கலம் நல்லபடியா எறங்கிடுச்சு. ஆனா அவங்க... கழுத்து முறிஞ்சிருக்கு சார். உசுரு இல்ல. அறுபத்தொண்ணு வந்தவங்களுக்கு எப்படி சார் இப்படி ஆகும்? பாராசூட் டீம் மேல விசாரணை ஆரம்பிச்சுட்டாங்க.”

நாள் 171, இரவு 21:40
மூன்று மணி நேரம் கோழையாக இருந்தேன். பிறகு அனுப்பினேன்:
“ஐம்பத்தொண்ணுதாம்மா வந்துச்சு. நாந்தான் பத்தைக் கூட்டிப் போட்டேன். அந்தப் பிள்ளைங்களை விட்ருங்க.”


நாள் 172, காலை 08:15
பயண ஏற்பாட்டுக்காகப் பிலோமினா விட்டுப்போன டேப்லெட்டைத் திறந்தேன். பரிசோதனை நாளன்று குரலில் ஒரு குறிப்பு:
“டாக்டருக்கு நாப்பத்தஞ்சுதான் வந்துச்சு. அறுபத்திரெண்டுன்னு போட்டுட்டேன். மாதாவே, மன்னிச்சிரும். சொன்னா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு.”

முதலில் கோபம் வந்தது. நான் செய்ததைத்தானே அவரும் செய்தார் என்று உறைத்ததும் வாய்விட்டு அழுதேன். இறக்கத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன்.

நாள் 186, காலை 09:00
தினம் நான்கு வேளை பயிற்சி. அளப்பதற்கு ஆளில்லை, நானே அளக்கிறேன். 46. ஒன்று கூடியிருக்கிறது. குழந்தை மாதிரி கை தட்டினேன்.

நாள் 203, காலை 09:00
43. இருக்கிற நாரைத்தான் பயிற்சி தடிக்கவைக்கும். நரம்பு செத்துப்போன நாரை எழுப்பாது. நாற்பது வருடம் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அது வெறும் பாடம்.

எழிலரசி சொன்னார்: பிலோமினாவின் பேத்தி பிறந்து மூன்று வாரமாகிறது, சுகம். தாய் என்னிடம் பேச விரும்பவில்லை. நியாயம்தான்.

நாள் 227, காலை 09:00
39. காற்று இன்று மாலை வரைக்கும்தான்.

நாள் 227, பகல் 13:20
கலத்தில் அமர்ந்து, குரலில் பதிகிறேன். கழுத்தைச் சுற்றித் துணி திணித்தேன், ஹெல்மெட் அதற்கு மேல் இடம் தரவில்லை. பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், உயிரோடு இருக்க ஆசையாக இருக்கிறது.

பகல் 13:58
எடை திரும்புகிறது. தலை நெஞ்சில் சாய்ந்துவிட்டது. தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. பாராசூட் விரிய மீதியுள்ள நேரத்தை எழிலரசி எண்ணிக்கொண்டே வருகிறார், குரல் உடைகிறது.

பகல் 14:03
எங்கள் இருவர் கழுத்தையும் அறுத்து, நார்களை எண்ணுங்கள். மெதுநார் தனி, வேகநார் தனி. நான் இழுத்தது முப்பத்தொன்பது. இரக்கப்பட்டு யாரும் அதில் ஒன்றைக்கூடக் கூட்டி எழுத