குடலுருவிக்கு ஒரு கும்பிடு

போன செவ்வாய்க்கிழமை மதுரையில் எனக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மொட்டு மாதிரி ஒன்று இருந்தது. அங்கேயே நறுக்கி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இன்று காலை முடிவு வந்துவிட்டது. கெட்டது எதுவும் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டு, அடுத்து உன்னிடம் சொல்லத்தான் கிளம்பினேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆயிற்று என்பது வாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

கிளம்பிய வேகத்தில் கடலாடிச் சந்தைக்கே வந்துவிட்டேன். ஆட்டுப் புழுக்கையும் கொதிக்கிற டீத்தூளும் கலந்த வாடை மூக்கில் ஏறுகிறது. நீ பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருப்பதால், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாம் ஆளுக்கு மூன்று குட்டியோடு ஒன்றாகவே ஆட்டு வியாபாரத்துக்கு வந்தவர்கள். ஆட்டு விலையைத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். தோளை உரசிக்கொண்டு நிற்பவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. அப்பேர்ப்பட்ட சந்தையில், விலையைத் தவிர மற்ற அத்தனையையும் ஊருக்கே கேட்கும்படி சொல்கிற ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பேர் வைப்பதுதான் நமக்குப் பொழுதுபோக்கு.

பெண்டாட்டியோடு உள்ள சங்கதியை நாலு பேர் நடுவில் விரித்துப் போடுகிறவன் 'பாயுதறி'. தன் வயிற்றுப் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகக் காட்டி அலைந்தவர் 'ஸ்கேன்சாமி'. மருமகள் என்றைக்குத் தலைக்கு ஊற்றினாள் என்பது வரைக்கும் மினிபஸ்ஸில் முழங்குகிற அம்மாள் 'மைக்செட்டு மதினி'. ஒருவன் பேர் சொல்ல, மற்றவன் வாயில் இருக்கும் டீயைத் துப்பிச் சிரித்தால்தான் அந்தப் பேர் செல்லும். அது நம் சட்டம்.

நீ வைத்ததிலேயே உசத்தி, 'குடலுருவி'. பாம்பன் கருவாட்டு வியாபாரிக்கு வைத்தது. தன் தம்பியின் கறிக்கடைக்குக் கிடா பிடிக்க வாராவாரம் வருவாரே, அவர். உட்கார்ந்ததும் காலையில் போனது, போகாதது, அதன் நிறம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார்.

"ஏலே, ஆடு உரிக்கிறவன்கூடக் குடல மறைவாத்தாம்லே உருவுவான். இந்தாளு பந்தியில வச்சுல்ல உருவுறாரு" என்றாய். எனக்கு டீ மூக்கு வழியாக வந்தது.

அதே வருடம் நீ மெலிந்தாய். கேட்டபோதெல்லாம் "சூடுலே, இளநி குடிச்சாச் சரியாயிரும்" என்றாய். கடைசியில் உன் மகன் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். அதற்குள் டாக்டர் கைவிரித்திருந்தார்.

"எப்ப இருந்துலே ரத்தம் போகுது?"

"போன ஆடியில இருந்து."

"ஏம்லே எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ பேரு வச்சிருவ" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

அவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. இந்தத் தை மாசத்தில் எனக்கும் அதே மாதிரி ரத்தம் கண்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. "ஏன் இப்பிடி மெலியிறீக?" என்று வீட்டில் கேட்டாள். சூடு என்றேன். உன் பொய்யையே இரவல் வாங்கிச் சொன்னேன். பயத்தில் ராத்திரித் தூக்கம் போயிற்று. வாய் மட்டும் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இதே பெஞ்சில் பாம்பன்காரர் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாளாக அவர் சந்தைக்கு வரவில்லை. எங்கே போனீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்துவிட்டார்.

"ரத்தமாப் போச்சுண்ணே. மருதையில போயி குழாய விட்டுப் பாத்தாக. நல்ல வேளை, தொடக்கத்துலயே வந்துட்டன்னு சொல்லி வெட்டி எடுத்துட்டாக. இப்ப கல்லு மாதிரி இருக்கேன்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் நீ என் விலாவில் இடிப்பாய். அன்றைக்கு நான் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வலிக்குமா?" என்றேன்.

"ஊசி போட்டுருவாக, தெரியாது. மொத நா குடிக்கக் குடுப்பாக பாருங்க ஒரு தண்ணி, கடல்ல பாதி. அதான் கொடும. ஆமா, ஏண்ணே கேக்குறீக?"

சொல்லிவிட்டேன். நாள், நிறம், அளவு, ஒன்று விடாமல், அவரை விடச் சத்தமாக. டீ மாஸ்டர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அப்ப மொளகா வட வேணாம்ல?" என்றான். கடை சிரித்தது, நானும் சிரித்தேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. பாம்பன்காரர் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு, எனக்கு நாள் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிடா பார்க்க எழுந்தார். போகும்போது அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

யோசித்துப் பார்த்தால், ஊருக்கெல்லாம் பேர் வைத்த நாம் நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று வைக்கவில்லை. விலையை மூடுகிற துண்டை எடுத்து நோயையும் மூடினோம். அந்த வகையறாவுக்கு 'துண்டுமூடி' என்று வைத்திருக்கிறேன். முதல் துண்டுமூடி நீ, அடுத்தவன் நான். துப்பிச் சிரிக்க நீ இல்லாததால், சட்டப்படி இந்தப் பேர் செல்லாது. ஆனாலும் நான் வைத்துக்கொள்கிறேன். மற்றவையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, 'குடலுருவி' ஒன்றைத் தவிர. அதைச் சொல்லி இனி என்னால் சிரிக்க முடியாது.

இன்று காலை முடிவு வந்ததும் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "இம்புட்டு நாளும் மறைச்சீகளே, நான் யாரோவா?" என்று அழுதாள், திட்டினாள், பிறகு கறி எடுத்து வரச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் கேள்வி கேட்கும்போது அவளும் உள்ளே இருப்பாள். நடுவில் ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட வேண்டும். பதிலுக்கு, எதையும் அந்த நிமிஷமே அபிராமத்தில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு ஒப்பிக்கிற அவள், இதை மட்டும் மறுநாள்தான் சொல்வாள்.