பெட்டி வைக்காத பள்ளத்தாக்கு

நேர்வழியில் ஒருநாளும் வீடு வந்து சேராத என் செல்ல அப்பாவுக்கு,

காலையிலிருந்து பனி விலகவில்லை. பெரக்கரைப் பக்கம் மலையே இல்லாதது போல வெள்ளையாகக் கிடக்கிறது. மிளகைக் காயப் போடலாமா வேண்டாமா என்று அம்மா வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் உள்ளே, உங்கள் கட்டிலில் சாய்ந்தபடி, கணினியில் ஒரு மலையைச் செய்துகொண்டிருக்கிறேன். ஆமாம்ப்பா, சம்பளத்துக்கு மலை செய்கிறேன். வீடியோ கேம் தயாரிக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை, வீட்டிலிருந்தே. நீங்கள் போன பிறகு கிடைத்தது. இருந்திருந்தால், "கொல்லிமலையில உக்காந்துக்கிட்டு மலை செய்யறியா கண்ணு?" என்று சிரித்திருப்பீர்கள்.

அந்த மலையில் ஒரு பள்ளத்தாக்கு வைத்திருக்கிறேன். அது விளையாட்டில் இருக்குமா, அழிந்துபோகுமா என்பது நேற்றுதான் முடிவானது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, கால்கள் இரண்டும் உணர்வற்றுப் போனபின், நீங்கள் சுவரையே பார்த்துக் கிடந்தீர்கள். பொழுது போகட்டும் என்றுதான் என் விளையாட்டை உங்கள் கையில் கொடுத்தேன். நாமே ஒரு வீரனாகி ஒரு நாடு முழுக்க அலைகிற கதை விளையாட்டு. ராஜா அவசரமாக ஆளனுப்பியிருந்தார். நீங்கள் போகவே இல்லை. "அந்தக் கரட்டுக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பியவர்தான். கடைசிவரை ராஜா காத்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, அந்த ஊர்ல சோறு போடுவாங்களா, இல்ல இங்கயே திங்கறீங்களா?" என்று அம்மா தட்டோடு நிற்பாள்.

"இரு புள்ள, பாதி ஏத்தத்துல நிக்கறேன்."

அந்தக் கோயில் நினைவிருக்கிறதா? பாழடைந்த கோயில், உள்ளே ஒரு பூதம். நீங்கள் படிக்கட்டில் நின்று, வீரனின் காலணியைக் கழற்றி வெளியே விட்டீர்கள். பனியில் நடப்பதற்கென்று கிடைத்த அருமையான காலணி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கழட்டித்தான் ஆகணும்னா பையில போட்டுக்கலாம்ப்பா!"

"தோல் செருப்பப் பையில வெச்சுக்கிட்டுக் கோயிலுக்குள்ள போவாங்களா சாமி?"

வெறுங்காலோடு பூதத்தை வென்று, மலையின் மறுபக்கத்து வாசல் வழியாக வெளியே வந்தீர்கள். செருப்பு அந்தப் பக்கத்தில். வரைபடத்தைத் தொட்டால் நொடியில் அங்கே போய்விடலாம் என்றேன். "நடக்க முடியற எடத்துல நடக்கோணும் கண்ணு" என்றீர்கள். நான் வரைபடத்தை மூடிவிட்டேன்.

வழியில் திடீரென்று நின்றீர்கள். "தண்ணிச் சத்தம் கேக்குது. கீழ எங்கியோ." எனக்குக் கேட்கவில்லை. பாறை பாறையாக இறங்கிப் போனால், ஒரு சுனை. மேலே ஒரு தும்பி. புதையல் இல்லை, பகைவன் இல்லை.

"இங்க ஒன்னுமே இல்லப்பா."

"அதான் தண்ணி இருக்குதே" என்றீர்கள். அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். உங்கள் முகம் அப்படி இளகி நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. விளையாட்டைச் செய்த யாரோ ஒருவர், ஆள் வருமோ வராதோ என்று தெரியாமலே அந்தத் தண்ணீரை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நீங்கள் வந்தது தெரியுமா?

அப்படி யாருக்காவது வைத்துவிட்டுப் போகும் ஆசையில்தான் நானும் ஒரு பள்ளத்தாக்கைச் செய்தேன். புல், காற்று, சாய்ந்த வெயில். வேறெதுவும் இல்லை. சோதனைக்கு ஆடியவர்களில் பலர் வரவே இல்லை. வந்த ஓரிருவரும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். எங்கள் குழுவை நடத்துகிற கவிதா அக்கா போனில் சிரித்தார். "ஏஞ் சாமி, இவ்ளோ தூரம் ஏறி வர்றவனுக்கு ஒரு புதையல் பெட்டிகூட இல்லீனா நம்மளத் திட்டமாட்டானா? உள்ள ஒரு கத்தியாச்சும் போட்டு வை. இல்லாட்டி அந்த எடத்தையே தூக்கிரலாம்."

ஒரு பெட்டி வைத்தும் பார்த்தேன். வைத்ததும் அது வெறும் பெட்டி இருக்கிற இடமாகிவிட்டது. எடுத்துவிட்டேன். ஆனால் அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் பள்ளத்தாக்கு யாரையும் கூப்பிடவில்லை. உங்களை அந்தத் தண்ணீர் கூப்பிட்டது. இருக்குமோ என்று நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். போய்ப் பார்த்தால் இருந்தது. நம் சந்தேகத்துக்கு ஓர் உலகம் 'ஆமாம்' என்று பதில் சொல்வதுதான் அந்தச் சந்தோஷம் என்று இப்போது நினைக்கிறேன். வரைபடத்தில் அம்புக்குறி காட்டிய இடத்துக்குப் போனால் அந்தப் பதில் கிடைக்குமா?

அதனால் பாதையோரத்துப் பாறையில் ஓர் ஈரக்கோடு வரைந்தேன். ஒரு திசையில் மட்டும் பறந்து மறைகிற தேனீக்கள். கடைசியில், புல்லுக்கு நடுவே பூத்துக் கிடக்கும் ஒரு மரம். அவ்வளவுதான்.

நேற்று ஒரு கல்லூரிப் பெண் சோதனைக்கு ஆடினாள். நாங்கள் எல்லோரும் அவரவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். தேனீயைப் பார்த்தாள், நின்றாள், வழியை விட்டு விலகினாள். மரத்தடிக்குப் போய் அசையாமல் நின்றுவிட்டாள்.

"என்னம்மா, மாட்டிக்கிட்டியா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லீங்க்கா. சும்மா... இருங்க, இன்னுங் கொஞ்ச நேரம்."

அக்காவும் அந்த மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, இருந்துட்டுப் போகுது. ஒரு பேராச்சும் வை. உங்கப்பா பேரையே வைய்யேன்" என்றார். நான் உங்களைப் பற்றி அவரிடம் எப்போதோ ஒருமுறைதான் சொல்லியிருந்தேன்.

உங்கள் பெயரை அந்த மரத்தடிக் கல்லில் எழுதினேன் அப்பா. அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்துவிட்டேன்.

இனி எத்தனை மலை செய்தாலும் இப்படியோர் இடம் விட்டுவைப்பேன். அங்கே உங்கள் பெயரை எழுத மாட்டேன். வருகிற ஒவ்வொருவரும், தனக்கு முன்னால் இங்கே யாருமே வந்ததில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அம்மா மிளகைக் காயப் போட்டுவிட்டாள்,
உங்கள் மகள்