கொண்டி போடாத கதவு

பரளச்சி
ஞாயிறு மதியம்

அன்புள்ள சுகப்பிரியா அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் நலம். நீ அங்கே எழுந்து நடமாடி வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் இன்னும் நலம். அம்மா சொல்லச் சொல்ல மாரீஸ்வரி எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். உன் குரலைக் கேட்டதும் அம்மா அழுதுவிடுகிறாள், எனக்கோ போனைக் கையில் எடுத்தால் பேச்சே வராது, அதனால்தான் கடிதம். மல்லி விதைத்திருக்கிறோம், ஒரு மழை பெய்தது, அடுத்ததைக் காணோம்.

நீ போன வாரம் பேசியதிலிருந்து அம்மா ஒரு நிலையில் இல்லை. எல்லோரும் போன பிறகு நீ ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்ததும், மருந்து பாட்டில் விழுந்து உடைந்து புகை வந்து தலை சுற்றியதும், பக்கத்து அறை ஜெப ஷீலா அக்கா கதவைத் தட்டத் தட்ட நீ எப்படியோ கொண்டியைத் திறந்துவிட்டு மயங்கி விழுந்ததும், அதையெல்லாம்கூட அம்மா தாங்கிக்கொண்டாள். உள்ளே எதற்குக் கொண்டி போட்டாய் என்று உன் சார் திட்டினாராம், எங்க அம்மாதான் போடச் சொன்னாங்க என்று நீ சொன்னாயாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய் பார், அதில்தான் உடைந்துபோனாள். உன்னை அனுப்பிய அன்று பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் அதைத்தானே சொன்னாள், பொம்பளப் புள்ள தனியா இருக்கப்போ கொண்டியப் போட்டுக்க ஆத்தா என்று. இப்போது, கொண்டியப் போட்டா புகை, போடலன்னா எவனாச்சும் வருவான், நான் எதத்தான்டி சொல்ல என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கென்ன தெரியும். போடாதே என்று எழுதச் சொன்னாள், எழுதினேன். ஐயோ அப்படி எழுதாத என்றாள், எழுதியதை அடித்துவிட்டேன். இதற்கு முந்தின தாள் அப்படித்தான் வீணாய்ப் போனது. அப்பா, படிச்சது போதும் வந்துரச் சொல்லு என்றார். உடனே அம்மா, அவ எதுக்கு வரணும், கதவுதான சரியில்ல, படிப்பா சரியில்ல என்று சண்டைக்குப் போனாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நம் வீட்டுக் கதவைக் கொண்டி போடாமல் சாத்தி, உள்பக்கம் காலிக் குடத்தைச் சாய்த்து வைத்தாள். விடியக்காலம் அப்பா லோடு இறக்கிவிட்டு வந்து கதவைத் தள்ள, குடம் உருண்டு தெருவே எழுந்துவிட்டது. அப்பா கால்விரலைப் பிடித்துக்கொண்டு, ஏலா கோகிலா, இது கள்ளனுக்கு வச்சதா எனக்கு வச்சதா என்று கத்தினார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவும் தெறந்துச்சு, சத்தமும் கேட்டுச்சு, இதையே எழுது, அங்க குடம் கிடைக்குமான்னு கேளு என்றாள்.

எனக்கு அதை எழுதக் கை வரவில்லை அக்கா. நான் பத்தாவதோடு நின்றவள், உன் ஆய்வுக்கூடத்தைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அருப்புக்கோட்டையில் நான் போகிற தறி செட்டில், நடக்கிற வழியில் நூல் பெட்டி வைத்தாலே மேஸ்திரி மாதவன் அண்ணன், ஓடணும்னா எங்கிட்டு ஓடுவ என்று திட்டுவார். புகையில் கண் தெரியாமல் நீ வரும்போது குடம் காலைத் தட்டிவிட்டால்? அங்கே ஒருத்தியை மட்டும் வைத்துத் தறி ஓட்டவும் விடமாட்டார்கள். கூட வேலை பார்க்கிற பிரவீணாவின் துப்பட்டா பெல்ட்டில் சிக்கியபோது சுவிட்சை அணைக்க நான் இருந்தேன், அவளுக்கு எட்டியிருக்காது. இதை மெதுவாக அம்மாவிடம் சொன்னேன். அப்போ கதவு இல்லடி, ஆளுதான் வேணும் என்றாள். அடுத்த மூச்சிலேயே, அந்த ஆளு எப்பேர்ப்பட்ட ஆளோ என்று மறுபடி குழம்பிவிட்டாள்.

கடைசியில் எழுதச் சொன்னது இது. எல்லோரும் போன பிறகு இருக்க வேண்டி வந்தால் ஜெப ஷீலா அக்காவைக் கூட வைத்துக்கொள். அவுகளும் இல்லையென்றால் அந்த வேலை மறுநாளைக்குக் கிடக்கட்டும். கொண்டி போடாதே, வழியில் எதையும் வைக்காதே. காராச்சேவு அனுப்பியிருக்கிறோம், பாதி அந்த அக்காவுக்கு. தாள் மடிப்பில் இருப்பது மாரியம்மன் கோயில் குங்குமம். நல்ல காற்றைச் சுவாசித்து, நினைத்ததைப் படித்து முடித்து, நல்லபடியாக இருக்கணும் என்பது அம்மா அப்பாவின் ஆசீர்வாதம்.

உள்ளே போகும்போது ஒரு மிஸ்டு கால், வெளியே வந்ததும் ஒரு மிஸ்டு கால், மறக்காதே. இரண்டாவது கால் வருகிறவரை இங்கே அம்மா நம் வீட்டுக் கொண்டியையும் போடமாட்டாளாம். அது எதுக்கும்மா என்று கேட்டேன். தெரியலடி என்றாள்.

அம்மா கோகிலாம்பாள் சொல்ல எழுதிய
உன் தங்கை மாரீஸ்வரி