கட்டிலடியில் இருந்த பேட்டரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? சின்னவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா? நீ என் போனை எடுப்பதில்லை என்பதால், டவுனுக்கு வரும் முகாம் காவலரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை பட்டறை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். என் மேல் உள்ள கோபத்தை அந்த மனிதரிடம் காட்டாதே.

நாங்கள் கட்டில் போட்ட வேனோடு ஏரிக்கரை முகாமில் இருக்கிறோம். குளிர்காலம் என்று இங்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். தெரிந்தேதான் வந்தோம். உன் மாமாவுக்கு ஏரியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரிக் கூரையை ஆறு வாரம் பார்த்தது போதும், இனி என்ன ஆனாலும் அங்கே கொண்டுபோகக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் மூச்சு இயந்திரம் இல்லாமல் அவரால் படுக்க முடியவில்லை. இயந்திரம் ஓடுவது நீ போட்டுக்கொடுத்த பேட்டரியில். அது நான்கு நாளாகச் சரியாகச் சார்ஜ் ஏறவில்லை.

நான் பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன். வண்டியை ஓடவிட்டால் என்ஜின் பேட்டரி பதினான்கு வோல்ட்டைத் தாண்டுகிறது. நம்முடையது பன்னிரண்டே முக்காலில் நிற்கிறது, உள்ளே போகும் ஆம்பியர் பூஜ்யம். கூரையில் ஏறி சோலார் பலகை மேலிருந்த பனியை வழித்துவிட்டேன். பலகையிலிருந்து மின்சாரம் வருகிறது, பேட்டரிக்குள் போகவில்லை. ஏழு ஃபியூஸையும் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை. முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். இதில் புரியாத ஒன்று: வெயில் இருந்தால் நடுப்பகலில் மட்டும், யாரும் எதையும் தொடாமலே, பதினோரு ஆம்பியர் போகிறது. இரண்டு மணி வாக்கில் குழாயை மூடியதுபோல நின்றுவிடுகிறது. எங்கோ ஒயர் ஆடுகிறது என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து விரலெல்லாம் கிழிந்துவிட்டது.

நேற்று விடியும் முன்பே இயந்திரம் கத்திவிட்டு நின்றது. அவரை உட்காரவைத்து, முதுகுக்கு நான் முட்டுக்கொடுத்துக்கொண்டு வெளுக்கும்வரை இருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ ஒரு குறையும் சொல்லாம இவ்வளவு நேரம் பக்கத்துல உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்றார். அதைச் சொல்வதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் வந்தேன். உன்னிடம் ஒன்றை மறைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பேட்டரி நீ வைத்த இடத்தில் இல்லை.

நீ செய்த வேலையை வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரிபார்த்தேன் என்று கேள்விப்பட்டுத்தானே பேச்சை நிறுத்தினாய்? நான் செய்தது அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு அதே ஆளை வைத்து பேட்டரியைக் கட்டிலடியிலிருந்து எடுத்து, வண்டிக்குப் பின்னால் வெளியே இரும்புப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். அப்பா கூடத்தில் பேட்டரி வைத்துச் சார்ஜ் போட்டபோது அமிலம் தெறித்து என் பள்ளிச் சீருடை ஓட்டையானது உனக்கு நினைவிருக்காது, நீ கைக்குழந்தை. அந்த நெடி எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. மூச்சுக்குத் திணறுகிறவர் தலைக்குக் கீழே அதை வைப்பதா என்று நினைத்தேன். இது லித்தியம், அமில பேட்டரி இல்லைக்கா, புகை வராது என்று நீ இரண்டு தரம் சொன்னாய். நான் வேதியியல் படித்தவள். என்னிடமே சொல்கிறாயா என்று சிரித்தேன்.

நீ சொன்ன இன்னொன்று இன்று காலையில்தான் நினைவுக்கு வந்தது. மனுஷனுக்குக் குளிர் தாங்காத இடத்துல அதையும் வைக்காதே, தண்ணி உறையற குளிர் வந்தா பேட்டரிக்குள்ளே சர்க்யூட்னு ஒரு காவல்காரன் இருக்கான், அவன் கதவைச் சாத்திடுவான், இருக்கற சார்ஜை வெளியே விடுவான், புதுசா உள்ளே விடமாட்டான் என்றாய். விளையாட்டாகப் பேசுகிறாய் என்று விட்டுவிட்டேன். நடுப்பகல் வெயிலில் இரும்புப் பெட்டி சூடேறும் நேரம் மட்டும் அவன் கதவைத் திறந்திருக்கிறான்.

உடனே போய் வெந்நீர்ப் பையைப் பெட்டிக்குள் வைத்து, மேலே அவருடைய ரஜாயைச் சுற்றிவிட்டு வந்தேன். கால்மணி கழித்துப் பார்த்தால் பத்து ஆம்பியர் போகிறது. வெளியே நின்று அழுதேன். ஆனால் அந்த இரும்புப் பெட்டி அரைமணியில் எல்லாச் சூட்டையும் உறிஞ்சிவிடுகிறது. வெந்நீர் போட இருக்கும் கேஸும் அடிக்கு வந்துவிட்டது. பேட்டரியை உள்ளே கொண்டுவரலாம் என்றால், அந்த ஆள் உன் கேபிளைப் பெட்டி அளவுக்கு வெட்டிவிட்டிருக்கிறான், கட்டில்வரை எட்டாது. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வெந்நீர்ப் பை. அவர் பாதம் நீலமாக இருக்கிறது. புருஷனை விட்டுட்டு அதுக்கா போர்வை போத்தறே என்று கேலி செய்கிறார். பையை யாருக்கு வைப்பது என்று நீயே சொல்.

சாலையில் பனி உறைந்து கிடக்கிறது. உட்காரவைத்து அவரை டவுனுக்கு ஒரு மணி நேரம் கொண்டுவர முடியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வரும். கூப்பிட்டுவிடுவேனோ என்று போனை அவர் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறார். எடுக்கத் தெரியாமல் இல்லை. எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தடித்த கேபிள் எட்டு அடி எடுத்துக்கொண்டு, காவலரின் வண்டியிலேயே ஏறி வந்துவிடு. சாயங்காலத்துக்குள் வந்தால் போதும். வர மனமில்லை என்றால் எப்படி இணைப்பது என்று ஒரு தாளில் எழுதியாவது கொடுத்தனுப்பு, நான் செய்கிறேன். ஆனால் வா.

உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும். உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். கட்டிலடியைக் காலிசெய்து துடைத்து வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் என்று எனக்குப் பட்டம் வைத்தவன் நீ. நீ வேலை செய்யும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்கமாட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா