கண்ணாடிக் கதவுக்கு இருபுறமும்

வைதேரே துறைமுகம், நியூசிலாந்து
ஆகஸ்ட் 19

அன்பு மகள் ரிபெகாவுக்கு,

இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. கிளாஸ்கோவில் கோடையிலும் மழைதானாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் கடைசிக் கடிதம் மூன்று மாதமாகக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தின் அடியில் தொங்குகிறது. ‘நீ கூப்பிட்டா கிறிஸ்துமஸுக்கு வர்றேன்’ என்று எழுதியிருந்தாய். உன் பெரியம்மாவின் இறுதிச் சடங்குக்கு நீ வரவில்லை என்ற கோபம் எனக்கு, அந்தக் கோபத்தில் நான் எழுதியதெல்லாம் உனக்குத் தெரியும். பெற்ற வீட்டுக்கு வர மகளுக்கு அழைப்பு வேறு வேண்டுமா என்று வீம்பு பிடித்து நான் பதிலே போடவில்லை. அது இருக்கட்டும், முதலில் போன சனிக்கிழமை நடந்த கூத்தைக் கேள்.

அப்பா வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் புது முன்கூடம் கட்டி முடித்துவிட்டார்கள். கவிழ்த்துப் போட்ட பெரிய படகுக்குள் நிற்பது மாதிரி இருக்கிறது, மேலே முழுக்க மர விலா எலும்புகள், கடலைப் பார்த்த சுவர் முழுவதும் கண்ணாடி. நடுவில் ஒரு அகலமான படிக்கட்டு, ஏறிப் போகக் கட்டினார்களாம், ஊரே அதில் உட்கார்ந்துதான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறது. கட்டிய இளைஞர் ஜூலியன் முதலில் முகம் சுளித்தார், இப்போது அவரும் ஒரு பொட்டலத்தோடு மூன்றாம் படியில் உட்கார்ந்துவிடுகிறார். காட்சிப் பொருளைப் பார்க்க வருகிறவர்களை விட காற்றுக்கு ஒதுங்கவும் கழிப்பறைக்கும் வருகிறவர்கள்தான் அதிகம் என்கிறார் அப்பா, அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்.

திறப்பு விழாவுக்கு வடக்குக் கடற்கரை மக்கள் நாற்பது பேர் வந்தார்கள். பெரியம்மாவுக்குப் பிறகு வாசலில் காத்து நிற்கும் விருந்தினரை உள்ளே வரச் சொல்லி அழைப்புக் குரல் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது, இதுதான் முதல் தடவை. வெளியே நல்ல மழை. கதவைத் திறந்து வைத்தால் புதுத் தரை நனையும், ஆள் கிட்டே வந்தால் தானாகத் திறக்கும், மூடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். நம்மவர் பன்னிரண்டு பேர் கூடிப் பேசித்தான் செய்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. நான் கூடத்தின் நடுவில் நின்று குரல் கொடுத்தேன். ரிபெகா, அந்தக் கூரை என் குரலை வாங்கிச் சுற்றிச் சுற்றித் திருப்பித் தந்தது, துறைமுகம் முழுவதும் கேட்டிருக்கும் என்று எனக்குள் ஒரே கர்வம். வெளியே அவர்கள் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் குடைக்குக் கீழே அப்படியே நிற்கிறார்கள். என்ன கோபமோ, பழைய பகை ஏதாவதா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா என் பின்னால் நின்றார், ஆனால் அழைப்பு முடியும் முன் இரண்டு தரப்புக்கும் நடுவில் குறுக்கே நடக்கலாமா, யார் போய்க் கதவைத் திறப்பது? மூன்றாம் முறை பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் கழிப்பறைக்கு அவசரமாக ஓடி வந்தாள், கதவு திறந்தது, பாதியில் நின்ற என் குரல் மழைக்குள் போனது, அந்த நிமிடமே அங்கிருந்து பதில் குரல் எழும்பியது. அவர்கள் உள்ளே நடந்து வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்று, பொரித்த ரொட்டியும் சிப்பி வடையும் சாப்பிடும்போது அவர்களுடைய மூத்தவர் பாயிப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். ‘ஏம்மா மாக்கெரே, கண்ணாடிக்குள்ள நீ வாயத் தொறந்து தொறந்து மூடுற, மீன் தொட்டியப் பாக்குற மாதிரில்ல இருந்துச்சு!’ என்றார். கிட்டே வந்திருந்தால் கதவு திறந்திருக்குமே என்றேன். ‘கூப்பிடாம எப்பிடிடீ வர்றது?’ என்றார். நான் மூன்று தரம் கூப்பிட்டேன் என்றேன். ‘எங்க காதுல விழலையே, நாங்க நனைஞ்சதுதான் மிச்சம்’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாத்திரம் துடைக்கும்போது அப்பா மட்டும் என்னைப் பார்த்து, ‘குளிர்பெட்டியில ஒரு லெட்டர் தொங்குதே, அந்தப் புள்ளையும் நனைஞ்சுட்டுத்தான் நிக்குது’ என்றார். நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

கண்ணே, நான் உள்ளே நின்று உன்னை எத்தனையோ தரம் கூப்பிட்டேன், எல்லாம் என் காதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெரியம்மாவுக்காக அழ வேண்டியது நமக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, சேர்ந்து அழுவோம். வா. டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், டிக்கெட் கிடைக்கிற நாளில் வா.

முன்னோர்கள் உன் வழியெல்லாம் கூட வரட்டும், உடம்பும் மனமும் திடமாக இரு. சட்டென்று கழற்றுகிற செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, பெரியம்மா படம் நம்மவர் கூடும் பொதுவீட்டுக்குள் இருக்கிறது, அங்கே செருப்போடு நுழைய முடியாதே. விமான நிலையத்திலும் தானாகத் திறக்கும் கதவுதானாம். மூடிவிடாதபடி அப்பா அதன் நடுவிலேயே நிற்கப்போகிறாராம், யார் திட்டினாலும் நகர மாட்டாராம்.

உன்னைக் கூப்பிடும்
அம்மா மாக்கெரே