ராக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் அதே சண்டை. பாத்திர சோப்புக்கு ராக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. வரிசையில் நின்ற ஒரு அம்மா, "ஏமாத்துறீங்களா?" என்று கேட்டே விட்டார். பில் போடுவது அண்ணி. சாமான் அடுக்கிய ராக்குகளில் விலைச் சீட்டு மாற்றுவது நான். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சீட்டு மாத்தறவங்க தூங்கிட்டாங்க போல" என்றார் அண்ணி. நான் விடுவேனா? "கம்ப்யூட்டர்ல விலையை மாத்துனா வாயைத் திறந்து சொல்லணும் அண்ணி. நான் என்ன கனவா காண முடியும்?"

அண்ணன் எங்கள் இருவரையும் குடோனுக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்க ரெண்டு பேரோடயும் ஒரே கடையில மாரடிக்க என்னால முடியாது. ஜூன்ல நம்ம புதுக் கடை திறக்குது. இப்படியே போனா நீ அங்க போயிடு."

என்னிடம்தான் சொன்னார். என்னிடம் மட்டும்! கட்டின பெண்டாட்டியை ஒரு வார்த்தை சொல்வாரா?

மார்ச் 4, புதன்

அண்ணி பேசவில்லை. நானும் பேசவில்லை. யாருக்கு நஷ்டம்?

மார்ச் 9, திங்கள்

எங்கள் சண்டைக்கு அண்ணன் மருந்து கண்டுபிடித்துவிட்டார். டிஜிட்டல் விலை அட்டை. உள்ளங்கையில் அடங்குகிற சின்னத் திரை. பில் கம்ப்யூட்டரில் விலை மாறினால் ராக்கிலும் தானாக மாறிவிடுமாம். கம்பெனி ஆள் வந்து காட்டினார். அண்ணி அங்கே உட்கார்ந்து ஏதோ தட்ட, என் கையிலிருந்த அட்டையில் பிஸ்கட் விலை மாறியது. எந்தப் பொருள் எங்கே என்று பில் கம்ப்யூட்டரில் தேடினால் அதன் அட்டையில் பச்சை விளக்கும் மின்னுகிறது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. சீட்டு மாற்ற ஆள் வேண்டாம் என்றால் இங்கே நான் எதற்கு? வீட்டுக்கு வந்து புலம்பினேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "சரக்கு தானா ராக்குல ஏறிக்குமா? வேலை இருக்கும். சண்டைக்குத்தான் ஆள் இருக்காது" என்றார். மனுஷனுக்கு நக்கல்.

ஆனால் புதுக் கடைக்குப் போ என்றால்? போக எனக்கு இஷ்டமே இல்லை. இந்தக் கடையை முதல் நாள் கழுவித் துடைத்தது நானும் அண்ணியும்தான். அன்றைக்கும் வாளி யாருக்கு என்று சண்டை.

மார்ச் 15, ஞாயிறு

கடைக்கு லீவு. அட்டை மாட்டும் நாள். அட்டையை ஒரு ஸ்கேன், பொருளை ஒரு ஸ்கேன், பிறகு ராக் விளிம்பில் மாட்ட வேண்டும். இடது கோடியிலிருந்து நான், வலது கோடியிலிருந்து அண்ணி. பீப், பீப் - அவ்வளவுதான் பேச்சு. நடுவில் சேர்ந்தபோது முழங்கை இடித்தது. அண்ணி "ம்" என்றார். நானும் "ம்". அடுத்த ராக்.

சாயங்காலம் கடை புதுசாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. அண்ணியிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

மார்ச் 16, திங்கள்

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒருவர், "ராக்குல ஒரு விலை, இங்க ஒரு விலையா?" என்று பில்லில் நின்றார். அதே வசனம்! அவர் பின்னாலேயே இன்னொருவர். அண்ணிக்குக் கட்டியிருந்த வாய் அவிழ்ந்தது. "என்னடி பண்ணி வச்சிருக்க?"

"நானா? நீங்க மாட்டுனதைப் பாருங்க முதல்ல!"

இரண்டு பேரும் ராக்குக்கு ஓடினோம். என் பாதி சரியாக இருந்தது. நான் எப்போதும் அட்டையைப் பொருளின் இடது ஓரத்தில் வைப்பேன். வாடிக்கைக்காரர்களுக்கும் அதுதான் பழக்கம். அண்ணி வலது கோடியிலிருந்து வந்தவர், எல்லாவற்றையும் வலது ஓரத்தில் மாட்டியிருக்கிறார். அவர் ஷாம்புவுக்கு மாட்டியது பக்கத்துப் பவுடருக்கு விலை ஆகிவிட்டது. அட்டையில் பெயரும் இருக்கிறது, ஆனால் பொடி எழுத்து. யார் படிக்கிறார்கள்? ஒவ்வொரு ராக்கிலும் நாங்கள் சந்தித்த இடத்தில், என் அட்டை இடமும் அவர் அட்டை வலமும் போனதால், ஓட்டைப் பல் மாதிரி ஒரு இடைவெளி. அதை நேற்றே பார்த்தேன். அண்ணியும் பார்த்திருக்கிறார். அவர் கேட்கட்டும் என்று நான், நான் கேட்கட்டும் என்று அவர்!

"இடது பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க பேசினீங்களா அண்ணி?"

"நீ பேசினியா?"

அண்ணிதான் முதலில் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன். கத்தல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. "இவ்வளவு செலவு பண்ணியும் திருந்தலையே! நீ புதுக் கடைக்கே கிளம்பு."

சிரிப்பு நின்றுவிட்டது. கண் கலங்கியதை மறைக்கப் பவுடர் டப்பாக்களைத் திருப்பி வைத்தேன். அண்ணி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவ எங்கயும் போக மாட்டா. அவளை அனுப்பிட்டா நான் யார்கூட சண்டை போடறது? உங்ககூடவா?"

அண்ணன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "சரி சரி, இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்.

மதியத்துக்குள் அண்ணி மாட்டிய அட்டைகளையெல்லாம் இடது பக்கம் தள்ளிவிட்டோம். பேசிக்கொண்டேதான்.

மார்ச் 19, வியாழன்

இன்றைய தகராறு நான் தலைக்கு அடித்த சாயத்தைப் பற்றி. விலைகள் ஒத்துப்போகின்றன. நாங்கள்தான் இன்னும் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

கடையில் நல்ல கூட்டம். மாவுப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிர் ராக்கில் டீத்தூள் அட்டையில் பச்சை விளக்கு மின்னியது. யாரோ கேட்கிறார்கள், கண்ணில் படவில்லை போல என்று ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பில்லுக்கு ஓடினேன்.

யாரும் கேட்கவில்லை. அண்ணி கவுண்டருக்கு அடியிலிருந்து இரண்டு டம்ளர் டீ எடுத்தார். ஆவி பறந்தது.

"கூப்பிட்டா உனக்குக் காது கேக்காது. ஆறிடப் போகுது, குடி."

பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே குடித்தேன். சர்க்கரை பத்தவில்லை. இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.